விழுந்த ஸ்டிக்கரும் ஒட்டிய விரல்களும்

"சாச்சி, திரும்பியும் விழுந்திட்டுது!"

எட்டு வயதுச் சிறுமி இரண்டு கைகளிலும் ஒரு ஸ்டிக்கரை ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். பச்சை நிறத்தில் பொன்னெழுத்தால் 'பிஸ்மில்லாஹ்' அச்சிட்ட அழகான ஸ்டிக்கர். இடம், நயினாதீவில் என் ராத்தாவின் வீடு. பல வருடங்கள் பூட்டிக் கிடந்து, பின்பு கழுவித் துடைத்துச் சுண்ணாம்பு அடித்துக் குடிபுகுந்த வீடு. வாசல் நிலைக்கு மேலே முதன்முதலில் ஒட்டியதே இந்த ஸ்டிக்கரைத்தான். மூன்று நாட்களில் மூன்றாம் முறையாக விழுந்துவிட்டது.

அல்லாஹ்வின் பெயர் காலடியில் கிடக்கிறதே என்று ராத்தாவுக்கு மனவருத்தம். கடைக்காரர் பழைய சாமானைத் தந்துவிட்டார் என்று மச்சானுக்குக் கோபம். பிள்ளையின் கேள்வி வேறாக இருந்தது.

"இதே கடையில வாங்கின ஸ்டிக்கர்தானே அலுமாரியிலயும் ஒட்டினது? அது விழயில்லையே. சுவரில ஒட்டினது மட்டும் ஏன் சாச்சி விழுது?"

நல்ல கேள்வி! பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து ஓர் அலறல். தங்கைக்கு உதவப் போன பன்னிரண்டு வயது நானா, வாப்பாவின் பெட்டியிலிருந்து சூப்பர் குளூ குழாயை எடுத்து அமுக்கியிருக்கிறான். பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. ராத்தா பதறிப்போய் இரண்டு விரல்களையும் பிரித்து இழுக்கப் பார்த்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் பிளேடு கொண்டு வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் படகேறிக் குறிகட்டுவான் போய், அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போகவேண்டும்.

அல்ஹம்துலில்லாஹ், அன்று படகேற வேண்டி வரவில்லை. பிளேடைத் தூர வைக்கச் சொன்னேன். ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீர் எடுத்து அவன் கையை அதில் ஊறவைத்தோம். இழுக்காமல், ஒரு பென்சிலை உருட்டுவது போல விரல்களை மெல்ல மெல்ல உருட்டச் சொன்னேன். பொறுமையாகச் செய்யச் செய்ய விரல்கள் பிரிந்தன. தோலில் ஒரு கீறலும் இல்லை.

ஒரே காலையில் ஒரு பசை ஒட்ட மறுத்தது. இன்னொரு பசை விட மறுத்தது! இரண்டுக்கும் காரணம் தெரிந்திருந்தால் வருத்தமும் இல்லை, அலறலும் இல்லை. சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளும் இதே கேள்வியைக் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

பசை என்ன செய்கிறது?

உலகில் எல்லாப் பொருளும் மிக மிகச் சிறிய மூலக்கூறுகளால் ஆனது. இந்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் இயல்புள்ளவை. அப்படியானால் மேசை மீது வைத்த புத்தகம் ஏன் மேசையோடு ஒட்டிக்கொள்வதில்லை?

அந்த இழுவிசை மிகவும் நெருங்கினால் மட்டுமே வேலை செய்யும். ஒரு தலைமயிரின் பருமனைப் பல்லாயிரம் பங்காக்கி, அதில் ஒரு பங்கு தூரத்துக்குள் இரண்டும் வரவேண்டும். நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் மேசையும் உண்மையில் மலையும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. இரண்டு மலைநாடுகளை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்தால் எப்படி இருக்கும்? அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சிகரங்கள் மட்டுமே தொடும். மற்ற இடமெல்லாம் வெறும் காற்று.

இந்தப் பள்ளங்களை நிரப்புவதுதான் பசையின் முதல் வேலை. அதற்கு அது தண்ணீர் போல ஓடிப் பரவவேண்டும். பரவியபின் ஓடாமல் நின்று பிடிக்கவேண்டும். பரவவும் வேண்டும், பின் உறுதியாகவும் வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் ஒட்டாது.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பசைக்கு இரண்டு பிடிகள் உண்டு. ஒன்று, பசை பொருளைப் பிடிக்கும் பிடி. மற்றது, பசை தன்னைத்தானே பிடிக்கும் பிடி. புதுப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளை உரிக்கும்போது சில சமயம் சுத்தமாக வந்துவிடும். சில சமயம் பாதிப் பசை போத்தலில் பிசுபிசுவென்று தங்கிவிடும். முதலாவதில் பொருளைப் பிடித்த பிடி தோற்றது. இரண்டாவதில் பசை தன்னைப் பிடித்த பிடி தோற்றது.

சுவரில் நடந்தது என்ன?

விழுந்த ஸ்டிக்கரின் முதுகைப் பிள்ளையிடம் காட்டினேன். பசை முழுவதும் வெள்ளை மாவு பூசியது போல இருந்தது.

"இது என்ன?"

"சுண்ணாம்புத் தூள்!"

அதுதான் விடை. ஸ்டிக்கர் சரியாகத்தான் ஒட்டியது. ஆனால் சுவரில் ஒட்டவில்லை, சுவரின் மேல் இருந்த தூளில் ஒட்டியது. அந்தத் தூளுக்குச் சுவரோடு பிடிப்பில்லை. அதனால் தூளையும் கூட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டது. அலுமாரியின் வழவழப்பான பலகையில் தூள் இல்லை. அதனால் அங்கே விழவில்லை. கடைக்காரர் மேல் பிழை இல்லை!

தீவுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து எல்லாவற்றின் மேலும் படியவைக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழைய சுவர்களுக்குள் இருக்கும் உப்பும் ஈரத்தோடு வெளியே வந்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும். இத்தனையும் ஸ்டிக்கருக்கும் சுவருக்கும் நடுவே நின்று தடுக்கின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தச் சுண்ணாம்பே ஒரு காலத்தில் தீவுப்பகுதியின் மிகச் சிறந்த பசை! நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்கே காணிகளைச் சுற்றி நிற்கும் முருகைக்கல் வேலிகளைப் பார்த்திருப்பார்கள். அவற்றில் பசையே கிடையாது. கரடுமுரடான கற்களை ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கியிருக்கிறார்கள். கல்லின் பாரமும், சொரசொரப்பான முகங்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்வதுமே அவற்றை நிறுத்துகின்றன.

ஆனால் வீடும் கோட்டையும் கட்ட அது போதாது. ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கிறதே ஹம்மன்ஹீல் கோட்டை, அது போர்த்துக்கேயர் கட்டி 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. அந்தக் காலக் கட்டடங்களில் கற்களைப் பிணைத்தது சுண்ணாம்புச் சாந்து. முருகைக்கல்லைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். அதை மணலோடு குழைத்துக் கற்களுக்கு நடுவே வைத்தால், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெதுவாகத் திரும்ப உள்வாங்கி மறுபடியும் கல்லாகிவிடும்! கல்லைக் குழம்பாக்கி, குழம்பைக் கல்லாக்கும் பசை இது. இன்று கரையோரத்தில் முருகைக்கல் வெட்டுவதைச் சட்டம் தடுக்கிறது. பவளப்பாறை மீன்களின் வீடு. அதை உடைத்தால் கரையையும் கடல் தின்னும்.

ஸ்டிக்கர் பசையின் இரகசியம்

மாப்பசை காயும்போது ஒட்டுகிறது. மரவேலைக்காரர் பாவிக்கும் வெள்ளைப் பைண்டர் பசையும் தண்ணீர் வற்றியபின்தான் இறுகும். ஸ்டிக்கர் பசையோ காய்வதே இல்லை! பாதி திரவம், பாதி ரப்பர் என்று அதைச் சொல்லலாம். விரலால் அழுத்தும்போது மெதுவாக ஓடிப் பள்ளங்களை நிரப்பும். இழுக்கும்போது ரப்பர் போல இறுகி எதிர்க்கும். ஸ்டிக்கரை ஒட்டியதும் நன்றாக அழுத்தித் தேய்க்கவேண்டும் என்பது இதனால்தான். அழுத்தாமல் விட்டால் பசை சிகரங்களை மட்டுமே தொட்டு நிற்கும்.

இந்த வகைப் பசையின் முதல் மூலப்பொருள் இயற்கை ரப்பர். நம் நாட்டுக்கும் அதற்கும் பழைய உறவு உண்டு. 1876-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகள் கம்பஹாவில் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. அமெரிக்காவில் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் 1925-இல் கார்களுக்கு வர்ணம் பூசுவோருக்காக ஒட்டு நாடா செய்தார். 1930-இல் கண்ணாடி போன்ற செலோபேன் நாடாவும் வந்தது. 1935-இல் ஸ்டான்டன் ஏவரி என்பவர் நாக்கால் நனைக்கத் தேவையில்லாத லேபிளை உருவாக்கினார். அதுதான் இன்றைய ஸ்டிக்கரின் மூதாதை. அதுவரை தபால் முத்திரை உட்பட எல்லாவற்றையும் நனைத்துத்தான் ஒட்டவேண்டும். உரித்து ஒட்டும் தபால் முத்திரையை முதலில் வெளியிட்ட நாடு எது தெரியுமா? ஆபிரிக்காவின் சியரா லியோன், 1964-இல்!

ஸ்டிக்கரின் பின்னால் இருக்கும் தாளில் மட்டும் பசை ஏன் இறுகப் பிடிப்பதில்லை என்று பிள்ளை கேட்டாள். அந்தத் தாளுக்குச் சிலிக்கோன் பூசியிருக்கிறார்கள். பசை அதன் மேல் பரவி நெருங்க விரும்புவதில்லை. ஒட்டாத தாச்சியில் தோசை ஒட்டாததும் இதே மாதிரிதான்.

தோற்றுப்போன பசை ஒன்றும் புகழ் பெற்றிருக்கிறது. 1968-இல் ஸ்பென்சர் சில்வர் என்ற விஞ்ஞானி பலமான பசை செய்யப் போய், மிகவும் பலவீனமான ஒன்றைச் செய்துவிட்டார். ஒட்டும், ஆனால் தொந்தரவின்றி வந்துவிடும். பல வருடங்கள் அதற்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை. அவருடன் வேலை செய்த ஆர்ட் ஃப்ரை, பாட்டுப் புத்தகத்தில் அடையாளத் தாள் விழுந்து விழுந்து தொல்லைப்பட்டவர், 1974-இல் அதற்கொரு உபயோகம் கண்டார். 1980-இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த மஞ்சள் நிறக் குறிப்புத் தாள்கள் அப்படிப் பிறந்தவைதான். பிள்ளைகள் செய்யும் முயற்சி பிழைத்தால் உடனே குப்பையில் போடவேண்டாம் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

நம் முன்னோரின் பசைகள்

பட்டம் ஒட்ட நம் மூத்தம்மாமார் கடைக்குப் போகவில்லை. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிளறினார்கள். சூடேறும்போது மாவின் சிறு மணிகள் தண்ணீரைக் குடித்து வீங்கி உடைகின்றன. உள்ளே சுருண்டிருந்த நீண்ட இழைகள் வெளியே வந்து தண்ணீரைக் கூழாக்குகின்றன. அந்த இழைகள் கடதாசியின் நார்களுக்குள் புகுந்து, காய்ந்ததும் இறுகிவிடும். ஒடியல் மா கூழைத் தடிப்பாக்குவதும், சட்டைக்குக் கஞ்சி போட்டால் விறைப்பதும் இதே வித்தைதான். விளாமரத்தில் வடியும் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்தால் அதுவும் நல்ல பசை.

கடலில் போகும் தோணிக்கு இந்தப் பசைகள் உதவா, தண்ணீரில் கரைந்துவிடும். அதற்குக் குங்கிலியம். பலகைகளின் இடுக்குகளில் பஞ்சையோ நாரையோ திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கிப் பூசுவார்கள். இதைக் கலப்பற்று அடித்தல் என்பார்கள். எண்ணெயும் பிசினும் தண்ணீரோடு சேராதவை. அதனால் கடல்நீரை உள்ளே விடாது.

நயினாதீவில் தமிழில் பொறித்த ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது. ஊர்காவற்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைக் காப்பது பற்றியும், கப்பல் உடைந்தால் பொருளில் எவ்வளவு அரசுக்கு, எவ்வளவு உரியவருக்கு என்பது பற்றியும் அதில் சொல்லியிருக்கிறது. அந்தக் காலத்தில் இந்துமாகடலில் ஓடிய அரபு மரக்கலங்களில் பல, ஆணியில்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டியவை. தைத்த இடைவெளிகளை அடைத்து, ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தது பிசினும் எண்ணெயும்தான். பசை விட்டுப்போனால் கப்பலே போய்விடும்!

இன்று தீவுக் கரைகளில் நிற்கும் படகுகளில் பெரும்பாலானவை பைபர் படகுகள். கண்ணாடி இழைத் துணியின் மேல் ரெசினைப் பூசி அடுக்கடுக்காகச் செய்வார்கள். ரெசின் காய்ந்து இறுகுவதில்லை. அதில் கலக்கும் மருந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து ஒரே வலையாகிவிடுகின்றன. அதனால்தான் வெயிலில் வைத்தாலும் தண்ணீரில் வைத்தாலும் திரும்ப உருகாது.

பல்லியும் சிப்பியும்

வீட்டுச் சுவரில் ஓடும் பல்லியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதன் காலில் பசை ஒரு துளியும் இல்லை. விரல்களின் அடியில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்காகப் பிரிந்திருக்கிறது. அத்தனை நுனிகளும் சுவரின் பள்ளங்களுக்குள் நெருங்கிவிடுவதால், முன்பு சொன்ன மூலக்கூறு இழுவிசையே அதைத் தாங்குகிறது. 2002-இல் கெல்லர் ஆட்டம் என்பவரின் குழு இதைச் சோதனை செய்து காட்டியது. மயிரின் சாய்வை மாற்றினால் பிடி விடுபடும். அதனால் ஒட்டிக்கொண்டும் ஓட முடிகிறது.

கடற்கரைக்குப் போனால் பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டியிருக்கும் சிப்பிகளைப் பாருங்கள். நம் பசைகளுக்கு ஈரம் எதிரி. அவற்றுக்கோ கடலுக்குள்ளேயே ஒட்டும் வல்லமை! சில சிப்பிகள் நூல் போன்ற இழைகளை நீட்டி, விசேஷமான புரதப் பசையால் பாறையைப் பிடித்துக்கொள்கின்றன. அதைப் பார்த்து, ஈரமான காயங்களையும் ஒட்டக்கூடிய பசைகளைச் செய்ய விஞ்ஞானிகள் முயன்றுவருகிறார்கள். படைத்தவனின் வேலைப்பாட்டை என்னவென்பது!

தாய்மார் கவனத்துக்கு

சூப்பர் குளூவை 1942-இல் அமெரிக்காவின் ஹாரி கூவர் தற்செயலாகக் கண்டார். துப்பாக்கியில் பொருத்தும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் செய்யப் போனவர், தொட்டதெல்லாம் ஒட்டுகிறதே என்று அதை ஒதுக்கிவைத்தார். 1958-இல்தான் அது கடைக்கு வந்தது. இந்தப் பசை காய்ந்து ஒட்டுவதில்லை. ஈரம் பட்டதும் நொடிகளில் இறுகுகிறது. நம் தோலில் எப்போதும் ஈரம் இருக்கிறது. கண்ணிலும் வாயிலும் அதைவிட அதிகம். எனவே:

• பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கண் மருந்துக் குழாய்களுக்குப் பக்கத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றதை எடுத்துவிடுவோம்.

• மூடியைப் பல்லால் கடித்துத் திறக்க விடாதீர்கள்.

• விரல் ஒட்டினால் இழுக்கவோ வெட்டவோ வேண்டாம். வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள்.

• உதடு ஒட்டினால் வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருங்கள். உள்ளிருந்து உமிழ்நீரும் இளக்கும். பிய்க்காதீர்கள்.

• கண்ணில் பட்டால் இமையைப் பலவந்தமாகத் திறக்கக்கூடாது. வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரால் கழுவி, ஈரத்துணியால் மூடி, தாமதியாமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நகப்பூச்சு அகற்றும் திரவம் கண், வாய்ப் பக்கமே வரக்கூடாது.

• பஞ்சிலோ பருத்தித் துணியிலோ இந்தப் பசை அதிகம் கொட்டினால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். சிந்தியதைப் பஞ்சால் துடைக்காதீர்கள்.

பிள்ளைகளே, செய்து பாருங்கள்!

1. இரண்டு வழவழப்பான பிளாஸ்டிக் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். எளிதில் பிரியும். நடுவே ஒரு துளி தண்ணீர் விட்டு அழுத்துங்கள். இப்போது நேராகப் பிரிப்பது கடினம். ஆனால் பக்கவாட்டில் வழுக்கும். தண்ணீர் பரவுகிறது, ஆனால் இறுகவில்லை. அதனால் அது அரைப் பசை!

2. மூன்று தட்டுகள் எடுங்கள். ஒன்றில் பவுடர் தூவுங்கள், ஒன்றில் எண்ணெய் தடவுங்கள், ஒன்றைக் கழுவித் துடையுங்கள். மூன்றிலும் ஒரே அளவு ஒட்டு நாடாவை ஒட்டி இழுத்துப் பாருங்கள்.

3. ஒட்டு நாடாவின் ஒரு நுனியை மேசையில் ஒட்டி, மேசையோடு நேராக இழுங்கள். வராது. நுனியைக் கிளப்பி மேல்நோக்கி உரியுங்கள். வந்துவிடும். நேராக இழுக்கும்போது பசை முழுவதும் ஒன்றாக நின்று எதிர்க்கிறது. உரிக்கும்போது ஒரு சிறு வரி மட்டும் தனித்து நின்று தோற்கிறது.

இந்த மூன்றாவது சோதனை உம்மாமாருக்கும் உதவும். போத்தல் லேபிளையும் பிள்ளையின் காயத்துப் பிளாஸ்திரியையும் ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பசை ரப்பராக விறைத்து எதிர்க்கும். மெதுவாக இழுத்தால் திரவம் போல விட்டுக்கொடுக்கும். சற்றுத் தேங்காயெண்ணெய் தடவிச் சில நிமிடம் விட்டால் இன்னும் சுலபம்.

கடைசியில் அந்த ஸ்டிக்கர்?

அதைச் சுவரில் மறுபடி ஒட்டவில்லை. தூள் படிந்த பசைக்கு இனி வேறு பசை துணை வேண்டும். மச்சான் ஒரு சிறு பலகையைத் தேய்த்துத் துடைத்துத் தந்தார். விரல் ஒட்டிய நானா அதற்கு வெள்ளைப் பைண்டர் பசை பூசினான், மிகவும் கவனமாக. தங்கை ஸ்டிக்கரை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுப் புகாமல் அழுத்தித் தேய்த்தாள். காய்ந்தபின் பலகையை நிலைக்கு மேல் ஆணியில் தொங்கவிட்டோம்.

நான் திரும்பும் நாளில் படகுத்துறை வரை வந்த பிள்ளை, பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றைக் காட்டினாள். பெயர் லேபிள் ஒரு மூலையும் கிளம்பாமல் ஒட்டியிருந்தது.

"முதல்ல துடைச்சேன், பிறகு ஒட்டினேன், பிறகு நல்லா அழுத்தினேன் சாச்சி. இனி விழாது, இன்ஷா அல்லாஹ்!"